ஓசையும் கடமையும்

ஒரு செயலின் தீமை அதனைச் செய்பவனுக்கும் புலனாகாமல், அதனால் ஊறுபடுபவனுக்கும் புலனாகாமற் போகுமிடத்து, அச்செயலைத் தீயதென்று கொள்ளலாமா? அறநூல்கள் நெடுங்காலமாகப் பேசிவந்தவை பெரும்பாலும் கண்முன் நிகழும் தீமைகளே. களவு, பொய்ச்சான்று, அடைக்கலப்பொருளைக் கவர்தல் ஆகியவற்றிற் செய்தவனும் உளன், இழந்தவனும் உளன், இருவரையும் ஒரே அவையிற் கொண்டுவந்து நிறுத்துதல் கூடும். பல இலட்சம் பேர் தத்தம் அளவில் ஒன்றுமேயில்லாத ஒன்றைச் செய்ய, அவையெல்லாம் சேர்ந்து பெருந்தீங்காகும் நிலை அண்மைக்கால வாழ்க்கைக்கே சிறப்பாக உரியது. இத்தகைய வினாக்களை ஆராய்வோர் போரையும் அணுகுண்டையும் எடுத்துக்காட்டாகக் கொள்வதுண்டு. ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது அவற்றினும் மிகச் சிறியது: புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் ஓடும் பழைய காரொன்றின் அடியிலிருந்து எழும் கடகடவென்னும் ஓசை.

சிலாபத்திலிருந்து முந்தல், மதுரங்குளி, பாலாவி வழியாகப் புத்தளத்துக்கும், பாலாவியிற் பிரிந்து நுரைச்சோலை, கற்பிட்டி ஆகிய ஊர்களுக்கும் செல்லும் வீதிகளிற் பழைய யப்பானியக் கார்கள் பலவற்றைக் காணலாம். அவற்றின் ஆயுள் நீண்டமைக்கு உரிமையாளரின் சிக்கனம் மட்டும் காரணமன்று. 2020 மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் ரூபாவின் வீழ்ச்சியும் உதிரிப்பாகங்களின் விலையை எங்கோ கொண்டுபோய் நிறுத்தின. கடலோரத்து உப்புக்காற்று வேறு இரும்பைத் தின்கின்றது. இவ்வாறு, வேறு வண்டி வாங்க இயலாமையினாற் பழையதையே செப்பனிட்டு ஓட்டும் ஒருவரைக் கருதுக. மாதமொருமுறை தாயைக் கொழும்பிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர் என்றும் கொள்க. ஒருநாட் காலை காரை இயக்கியவுடன், தகர டப்பாவுக்குள் கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற சத்தம் கேட்கின்றது.

சத்தம் வரும் இடம் எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையிலுள்ள ஒரு பெட்டி. கராஜ்களில் இதனைக் கன்வேட்டர் என்பர். அதனுள்ளே தேனடைபோல நுண்ணிய துளைகள் நிறைந்த வெண்களிமண் வகைச் சட்டம் ஒன்று உண்டு. அத்துளைகளின் சுவர்களிற் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. இவை ஊக்கிகள், தாம் மாறாமல் தம்மைத் தொடும் வாயுக்களை மாற்றுபவை. எஞ்சினிலிருந்து வரும் நச்சுத்தன்மையுடைய காபனோரொட்சைட்டு இங்கு காபனீரொட்சைட்டாகின்றது. எரியாது எஞ்சிய ஐதரோகாபன்கள் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுகின்றன. நைதரசன் ஒட்சைட்டுகள் வெறும் நைதரசனாகப் பிரிகின்றன. பெட்டி ஏறக்குறைய 300 பாகை செல்சியசு வரை சூடேறிய பின்னரே நன்கு தொழிற்படும். ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய பிரெஞ்சு எந்திரவியலாளர் இயூஜீன் ஊத்ரி என்பவர் 1950களில் இத்தகைய கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது பரவுவதற்கு ஈயம் தடையாயிருந்தது. பெற்றோலிற் கலக்கப்பட்ட ஈயம் ஊக்கியின்மேற் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். அமெரிக்காவில் 1970இன் தூய காற்றுச் சட்டத்தின் விளைவாக 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இது பரவலாயிற்று. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இலேயே கைவிடப்பட்டது. அதற்கு முன்னர் இங்கு வந்த கார்களின் கன்வேட்டர்கள் இந்நாட்டுப் பெற்றோலாலேயே பாழாயிருத்தல் கூடும் என்பதையும் மறத்தலாகாது. தனிமனிதனின் கடமையைப் பேசுவோர், அரசு அவனுக்கு எதனை ஊற்றிக் கொடுத்தது என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

கடகடவென்ற சத்தம் எழுந்தவுடனேயே கன்வேட்டர் உடைந்துவிட்டதென்று முடிவுகட்டுதல் தவறு. பெட்டியின் வெப்பம் புல்லையும் காரின் தரையையும் தாக்காதவாறு மேலும் கீழும் தகரக் கவசம் பொருத்தப்பட்டிருக்கும். உப்புக்காற்றில் அதன் ஆணிகள் துருப்பிடித்து இற்றுப்போனால், கவசம் தளர்ந்து அதே ஓசையை எழுப்பும். ஒரு கிளிப்பை இறுக்கினால் அந்தத் தொல்லை முடிந்துவிடும். கார் நன்கு குளிர்ந்த பின் பெட்டியை மரச்சுத்தியலாலோ உள்ளங்கையாலோ தட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கவசம் அதிர்ந்தால் ஓசை வெளியிற் கேட்கும். உட்சட்டம் உடைந்திருந்தால் துண்டுகள் உள்ளே உருளும். அறவினாவொன்றை ஆராயுமிடத்து இது அற்பமான செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் கடமை யாது என்று கேட்குமுன் நடந்தது யாது என்று கேட்க வேண்டியிருத்தலின் இதுவும் அதன் பகுதியே. பொருளை உண்மையாக அறியாதவன் எடுக்கும் தூய தீர்மானத்தால் யாருக்கும் பயனில்லை.

உட்சட்டமே உடைந்திருப்பின் அதற்கும் ஒரு காரணம் உண்டு. பிளக்கோ கொயிலோ பழுதாகி, எரியாத பெற்றோல் குழாய்வழியே வந்து பெட்டிக்குள் எரியும்போது சட்டம் உருகி வெடிக்கின்றது. வேகத்தடையில் மோதியும் உடைவதுண்டு. காரணத்தை நீக்காமற் புதியது பொருத்தினால் அதுவும் அவ்வாறே அழியும். உடைந்ததை அப்படியே விட்டுவிடுவதும் நெடுநாளைக்கு இயலாது. துண்டுகள் வழியை அடைத்து எஞ்சினை மூச்சுத்திணற வைக்கும்.

இந்நிலையிற் கராஜிற் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பெட்டியைக் கழற்றி, உள்ளிருப்பதைக் கம்பியால் உடைத்துக் கொட்டிவிட்டு, வெறும் கூட்டை மீண்டும் பொருத்திவிடலாம் என்பதே அது. செலவு மிகக் குறைவு. சத்தம் நின்றுவிடும். அடைப்பு நீங்குதலால் எஞ்சின் முன்னிலும் இலகுவாக ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெட்டி இருந்தபடியே இருக்கும். உடைந்த தேனடைத் துண்டுகளை விலைக்கு வாங்குவோரும் உள்ளனர்; அவற்றில் எஞ்சியுள்ள உலோகங்களுக்குச் சந்தையுண்டு. அறிவுரை கூறுபவருக்கு அத்துண்டுகளால் வரவு இருப்பின் அவ்வறிவுரையின் எடை குறைகின்றது. எனினும், அவர் கூறும் தொழினுட்பச் செய்தி பொய்யன்று. அவர் சொன்னபடியே சத்தம் நிற்கும்.

சட்டமும் இதனை எளிதிற் கண்டுபிடிப்பதில்லை. 2008இல் மேல் மாகாணத்தில் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கப்பட்டு, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதன் சான்றிதழின்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறவியலாது. பெற்றோல் வாகனங்களில் அளவிடப்படுவன, நின்றநிலையில் எஞ்சினை இயக்கும்போது வெளிவரும் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபன்களுமே. நைதரசன் ஒட்சைட்டுகள் அளவிடப்படுவதில்லை. பழைய வாகனங்களையும் ஓட விடவேண்டும் என்பதனால் எல்லைகளும் தாராளமாகவே வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே நன்கு சீர்செய்யப்பட்ட எஞ்சினையுடைய கார், கன்வேட்டரின்றியும் பரிசோதனையில் தேறிவிடக்கூடும். சான்றிதழும் கையிலுண்டு, ஓசையுமில்லை என்றால் வேறென்ன குறை?

2015 செப்டெம்பரில் வெளிவந்த வொக்ஸ்வாகன் விவகாரம் ஈண்டு நினைவுக்கு வரும். பரிசோதனை நடைபெறுகின்றது என்பதைத் தானே உணர்ந்து, அப்பொழுது மட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைத்துக்காட்டும் மென்பொருளை அந்நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டீசல் வாகனங்களிற் பொருத்தியிருந்தது. உலகம் அதனை மோசடி என்றது, சரியாகவே சொன்னது. மதுரங்குளியில் வெறுங்கூட்டைப் பொருத்திக்கொண்டு ஓடும் காரையும் அதனையும் ஒரே தராசில் வைத்தல் நியாயமா? அளவிலும் நோக்கத்திலும் இரண்டும் மலையும் மடுவும் போன்றன. பின்னதில் ஏமாற்றும் எண்ணமே இல்லாதிருக்கலாம். ஆயினும் பெட்டியிருக்குமிடத்தில் ஒரு பெட்டியைக் காட்டுவதற்காக வெறுங்கூட்டைத் திரும்பப் பொருத்துவதேன் என்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கின்றது. குழாயொன்றை ஒட்டி விட்டாற் போதுமே. கூடு பொருத்தப்படுவது காரின் தேவைக்காக அன்று, பார்ப்பவரின் கண்ணுக்காக.

கார்ச்சொந்தக்காரரின் பக்கத்து நியாயங்களையும் இலேசாகத் தள்ளிவிடலாகாது. அவற்றுள் ஒன்று காற்றைப் பற்றியது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கற்பிட்டிக் குடாநாட்டில் நிற்பவருக்கு, ஒரு காரின் புகை அங்கு யாரையும் தீண்டும் என்று நம்புவதே கடினம். இந்நியாயத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஒரே அளவு நஞ்சு, கடற்கரையிற் செய்யும் தீங்கும் மாளிகாவத்தைச் சந்தில் செய்யும் தீங்கும் சமமல்ல. அறவியல் இடத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டும். ஆனால் கார் கடற்கரையிலேயே நிற்பதில்லை. ஏறத்தாழ 130 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குச் செல்கின்றது. வைத்தியசாலை வாயிலில் எஞ்சினை நிறுத்தாமல் வரிசையிற் காத்திருக்கின்றது. காற்று அள்ளிச்செல்லாத இடமே அது போய்ச்சேரும் இடம்.

மற்றொன்று வலிமையுடையது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் உண்டு. முதற் பகுதி 2011இலும் முழுமையாக 2014இலும் இயங்கத் தொடங்கியது. அதன் சாம்பற் தூசு பற்றி அயற்கிராம மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வந்துள்ளனர். பாலாவியிற் சீமெந்து ஆலை நிற்கின்றது. இப்புகைபோக்கிகளின் நிழலில் வாழும் ஒருவரிடம் போய் அவரது காரின் வாலைப்பற்றிப் பேசுவது கேலியாகாதா? இதற்கு, ஒருவன் செய்யும் பெருந்தவறு மற்றவனின் சிறுதவறைக் கழுவாது என்று விடைகூறுவது எளிது, ஆனால் போதாது. பெருந்தவறு தண்டிக்கப்படாத ஊரிற் சிறுதவறை மட்டும் கண்டிக்கும் அறம், எளியோரை மட்டும் பிடிக்கும் வலையாகிவிடும். கேட்பவர் அதனைச் சினத்துடன் நிராகரித்தால் குறைகூற இயலாது.

இச்சினத்துக்கு இம்மாவட்டத்தில் வரலாறும் உண்டு. 2017 ஏப்பிரலிற் கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் தலைநகரின் கழிவைப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டிலுள்ள பழைய சுண்ணக்கல் அகழ்விடத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் விரைவுபெற்றது. புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கினர். எனினும் 2019இல் கழிவு வந்து சேர்ந்தது. அவர்களின் வாதம் மிகத் தெளிவானது: உங்கள் அழுக்கை உங்கள் கண்ணுக்கு மறைவாக எங்கள்மேற் கொட்டுவது நியாயமன்று. இவ்வாதம் சரியென்று கொள்பவர், அதே வாதம் தம் காரின் பின்புறத்தையும் சுட்டுகின்றது என்பதை ஏற்கவேண்டி வருகின்றது. அழுக்கு அவ்வளவு சிறிதாயினும், தம் கண்ணுக்கு மறைவாக மற்றவர்மேல் விடுவது என்ற அதன் அமைப்பு அதுவே. அருவக்காட்டை எதிர்த்தவர்களுக்கே இதனைச் சொல்லும் உரிமையும் கேட்கும் கடமையும் மற்றெவரிலும் கூடுதலாக உண்டு.

இனி, சிறுமை பற்றிய நியாயம். இதுவே எல்லாவற்றுக்கும் அடிப்படை. தன் புகையால் எந்த ஒரு குழந்தையின் இருமலும் ஓர் இருமல் கூடப்போவதில்லை என்பது கார்க்காரரின் கூற்று. இங்கிலாந்து மெய்யியலாளர் தெரக் பாபிற் 1984இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை ஆராய்ந்தார். ஆயிரம் பேர் ஒவ்வொருவரும் உணரமுடியாத அளவு வேதனையை ஆயிரம் பேர்மீது சுமத்தினால், முடிவில் அவ்வாயிரவரும் கொடிய வேதனையுறுவர். ஆயினும் தனித்தனியே எவரும் எவருக்கும் உணரத்தக்க தீங்கு செய்ததாகச் சொல்லவியலாது. ஒரு செயலைத் தனியே நிறுத்து அளப்பதே இங்குள்ள தவறு என்பது அவர் கருத்து. அச்செயல் எந்தத் தொகுதியின் பகுதியோ, அத்தொகுதியின் விளைவையும் நோக்குதல் வேண்டும்.

இதற்குச் சான்று தேடி இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டியதில்லை. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, முந்தல் களப்பையும் ஒல்லாந்தர் கால்வாயையும் அடுத்துக் கிடக்கும் கைவிடப்பட்ட இறால் பண்ணைகளே போதும். 1980களிலும் 1990களிலும் கண்டற்காடுகளையும் உப்புத்தரைகளையும் வெட்டிக் குளங்கள் அமைக்கப்பட்டன. பண்ணைகள் தமக்கு வேண்டிய நீரை அக்கால்வாயிலிருந்தே எடுத்தன. பயன்படுத்திய நீரையும் அதிலேயே விட்டன. ஒரு பண்ணையின் கழிவுநீர் அந்நீண்ட நீர்ப்பரப்பில் எம்மாத்திரம்? ஒவ்வொருவரும் அவ்வாறே எண்ணினர். ஒவ்வொருவர் எண்ணமும் தனித்தனியே சரியானதே. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஒருவர் குளத்து நோய் நீர்வழியே அடுத்தவர் குளத்துக்குச் சென்றது. பண்ணைகள் அடுத்தடுத்து வீழ்ந்தன. கடன்பட்டுத் தொடங்கியவர் கடனோடு எஞ்சினர். இதில் நஞ்சிட்டவர் யார், நட்டமுற்றவர் யார் என்று பிரித்துக்காட்ட இயலாது. இருவரும் ஒருவரே. பின்னாளில் வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்பொழுது குஞ்சு விடலாம் என அட்டவணை வகுக்க வேண்டியதாயிற்று. தனித்தனியான நல்லெண்ணம் அக்கால்வாயைக் காக்கவில்லை என்பதும், பொதுவான ஒழுங்கு வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் அவ்வொழுங்கு வரும்வரை தன் கழிவுநீரைத் தேக்கித் தெளியவைத்து விட்ட பண்ணைக்காரர் ஒருவர் இருந்திருப்பின், அவர் மூடச்செயல் செய்தார் என்று எவர் சொல்வார்?

காற்று அக்கால்வாயைவிடப் பெரியது, வேறுபாடு அவ்வளவே. ஆகவே, உள்ளே உடைத்துக் கொட்டிவிட்டு வெறுங்கூட்டைப் பொருத்துவது தவறு என்றே கொள்ளவேண்டும். அதன் தவறு புகையின் அளவில் மட்டும் தங்கவில்லை. கடகடவென்ற ஓசை, தீங்கு நிகழ்கின்றது என்பதைச் செய்பவருக்கே தெரிவித்துக்கொண்டிருந்த ஒரே குறி. கூட்டை வெறுமையாக்குபவர் தீங்கை நிறுத்தவில்லை. தமக்கு வந்துகொண்டிருந்த தொல்லையை நிறுத்தி, தீங்கு முழுவதையும் ஓசையின்றிப் பிறருக்கு அனுப்புகின்றார். தொல்லை ஒழிந்தவுடன் கடமையும் ஒழிந்ததாகத் தோன்றுவது மனித இயல்பு. பிளேட்டோ தம் குடியரசில் அணிந்தவனைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரமொன்றைக் கற்பித்துச் சொன்னார். இங்கு நிகழ்வது அதனினும் விந்தையானது: அணிந்தவன் தன் கண்ணுக்கே மறைந்துவிடுகின்றான்.

இவ்வாறு சொல்வதனால், புதிய கன்வேட்டர் வாங்கக் கடன்பட வேண்டும் என்று விதித்துவிடவும் முடியாது. தாயின் மருந்துக்கும் பிளாற்றினத்துக்கும் இடையே தெரிவு வந்தால் மருந்தே முந்தியது, இதில் ஐயமில்லை. இப்பிளாற்றினமும் குற்றமற்று வருவதன்று. தென்னாபிரிக்காவின் மாரிகானா பிளாற்றினச் சுரங்கத்தில் 2012 ஆகத்து 16இல் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தோருள் 34 பேரைப் பொலிசார் சுட்டுக்கொன்றனர். உலகின் பலேடியத்திற் பெரும்பங்கை அளிக்கும் உருசியாவின் நொறில்சுக் நகரம், கந்தகப் புகையாற் காடுகளைக் கருக்கிய இடம். ஒரு வீதியின் காற்றைத் தூய்மையாக்கும் பொருள் வேறொரு நாட்டின் காற்றைக் கெடுத்தே எடுக்கப்படுகின்றது. ஆதலின் ‘புதியது வாங்கு’ என்ற விதி, கேட்க எளிதாயிருப்பினும், அறத்தின் முடிந்த விடையன்று. இருப்பதை உடையாமற் காத்தல், அதற்காகப் பிளக்கை உரிய காலத்தில் மாற்றுதல், எஞ்சின் தடுமாறும்போது புறக்கணியாதிருத்தல் என்பன அதிகச் செலவில்லாதவை; ஏழைக்கும் இயன்றவை. உடைந்தபின், பாவிக்கத்தக்க பழைய கன்வேட்டரொன்று பிரித்துவிற்கும் கடைகளிற் கிடைக்குமாவென்று தேடலாம். பணம் சேரும்வரை வேறு வழியின்றிக் குழாயொன்றை ஒட்டி ஓட்டுபவர், அது தற்காலிகம் என்பதைத் தாமே மறவாதிருந்தால், வெறுங்கூட்டைப் பொருத்தியவரைவிட நேர்மையானவர். அவரது காரில் இல்லாதது இல்லை என்றே தெரிகின்றது.

அரசின் பங்கு இவ்விடத்தில் வருகின்றது. பரிசோதனை நிலையங்களில் காரின் அடியைக் குனிந்து பார்க்கும் ஏற்பாடும், உரிய அளவீடுகளும், உதிரிப்பாகங்களுக்குரிய வரிச்சலுகையும் இருக்குமாயின், மேற்கூறிய தடுமாற்றங்களிற் பாதி ஒருவரது மனச்சாட்சிமேற் சுமத்தப்பட வேண்டியதில்லை. பல ஆண்டுகள் இறக்குமதியைத் தடுத்துப் பழைய கார்களை வீதியில் வைத்திருந்த அரசு, அவற்றின் நுரையீரலைப் பற்றியும் சிறிது சிந்தித்திருக்கலாம்.

ஒரு வகையினர் மட்டும் இவ்வாராய்ச்சியில் இன்னும் எஞ்சியுள்ளனர். தடை நிலவிய ஆண்டுகளிற் பழைய கார்கள் பலமுறை கைமாறின. முன்னொருவர் வெறுமையாக்கிய கூட்டோடு காரை வாங்கியவருக்கு ஓசையும் கேட்பதில்லை, தவறும் அவருடையதன்று. அறியாதவரையில் அவரிடம் கடமை ஏதும் இருப்பதாகச் சொல்லவியலாது. அறிந்து விற்றவரின் நிலை அவ்வாறன்று. எஞ்சின் எண்ணெய் குடிப்பதை மறைத்து விற்பதை வஞ்சகம் என்று ஊரார் எளிதிற் சொல்வர். அதில் இழப்பவர் வாங்குபவர். கூடு வெறுமை என்பதை மறைத்து விற்பதில் வாங்குபவருக்குப் பணநட்டம் தெரிவதில்லை. அதனாலேயே அது பேசப்படாமற் போகின்றது. விலை பேசி முடிக்குமுன், குளிர்ந்த பெட்டியை ஒருமுறை கையாற் தட்டிப் பார்த்து, உள்ளே ஏதும் இருக்கின்றதா என்று விற்பவரிடம் நேரே கேட்டுவிடுவதற்கு அரை நிமிடமே செல்லும்.